சித்தப்பாவுக்கு: படகில் டைனமோ மாற்றிய கதை

பேரி, ஒன்டாரியோ, கனடா
ஜூன் 22

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நலம். நீங்களும் சித்தியும் நலமா? போன ஞாயிறு அம்மாவிடம் போனில் பேசும்போது நீங்கள் பின்னாலிருந்து "ஒரு டைனமோவுக்கு நானூறு டாலரா, கிறுக்குப் பயலே, ஒரு லூகாஸ் டிவிஎஸ் வாங்கிப் பார்சல் போட்டிருப்பேனே" என்று கத்தியது எனக்கு நன்றாகவே கேட்டது. போனில் பதில் சொல்ல ஆரம்பித்தால் நடுவில் அம்மா "சாப்பிட்டியா" என்று நுழைந்துவிடுவாள், அதனால்தான் எழுதுகிறேன். திட்டுவதானால் முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியவரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் இல்லையா, ஸ்கூல் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். போன பனிக்காலத்தில் நான் இரவு ஷிஃப்ட் முடிந்து வீடு வந்து சேர்வதற்குள் என் வாசல் பனியையும் சேர்த்துத் தள்ளி வைத்துவிடுவார், கேட்டால் "மெஷின் ஓடுகிறது, இன்னும் பத்தடியில் என்ன" என்பார். படகு அவருடையது. 2002 மாடல், இருபது அடி, பைபர், உள்ளே மெர்குரூசர் 3.0 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். நம்ம ஊர் வள்ளத்தை நினைத்துக்கொள்ளாதீர்கள், இது பிழைப்புக்கு இல்லை, சும்மா பொழுதுபோக்குக்கு. மே மாதம் தண்ணீரில் இறக்குவார்கள், அக்டோபரில் டிரெய்லரில் ஏற்றி, இன்ஜினுக்குள் உறையாத திரவத்தை ஓடவிட்டு, பிளாஸ்டிக்கால் மூட்டை கட்டி வாசலில் நிறுத்திவிடுவார்கள். அதற்கப்புறம் ஏரியே கல்லாகிவிடும், மேலே துளை போட்டு உட்கார்ந்து மீன் பிடிப்பார்கள். சிம்கோ என்று பெயர், 700 சதுர கிலோமீட்டருக்கு மேல், முழுக்க நல்ல தண்ணீர். எங்கள் ஊர் இருப்பது அதன் மேற்கே நீளும் கெம்பன்ஃபெல்ட் குடாவின் முனையில், அங்கே ஆழம் 40 மீட்டர் வரை போகும். அந்தக் குளிர்ந்த அடித்தண்ணீரில்தான் டிரவுட் மீன் இருக்கிறது, அதைப் பிடிக்க இன்ஜினை ஐடிலில் விட்டு, நடக்கிற வேகத்தில் நாள் பூராவும் தூண்டிலை இழுத்துக்கொண்டே போக வேண்டும். வில்லங்கம் எல்லாம் இந்த ஐடிலில்தான்.

போன செப்டம்பரில் ஒரு நாள் காலையிலிருந்து சாயங்காலம் வரை இப்படி இழுத்தோம். பெரியவர் படகில் சின்ன பிரிட்ஜ் வைத்திருக்கிறார், மீனைத் தேடுகிற சோனார் இருக்கிறது, பிடித்த மீன் சாகாமல் இருக்கத் தொட்டிக்குத் தண்ணீர் அடிக்கும் பம்ப், அவர் பேரனுடைய பாட்டுப் பெட்டி, எல்லோருடைய போனும் சார்ஜில். ஐந்து மணிக்கு ஒரு இடத்தில் நிறுத்திச் சாப்பிட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினால் டிக், டிக், அவ்வளவுதான். இருந்தது ஒரே பேட்டரி, செல்ஃப் அடிக்கவும் அதுதான், பிரிட்ஜுக்கும் அதுதான். வேறொரு படகுக்காரர் கயிறு கட்டி இழுத்து வந்து கரை சேர்த்தார். பெரியவர் ஒன்றும் பேசவில்லை, பேரன்தான் பாட்டு நின்றுபோச்சே என்று அழுதான். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், என் சித்தப்பா தூத்துக்குடியில் டைனமோ, செல்ஃப் வேலை பார்க்கிறவர், நான் அந்தக் கடையிலேதான் வளர்ந்தேன் என்று சொல்லித் தொலைத்தேன். அன்றைக்கே வேலை என் தலையில் விழுந்தது.

இந்த ஏப்ரலில் பனி கரைந்து படகு இன்னும் வாசலில் நிற்கும்போதே, தோட்டத்துக் குழாயைச் சொருகித் தண்ணீர் கொடுத்து இன்ஜினை ஓட்டி, கரண்ட் அளக்கிற கிளாம்ப் மீட்டரைப் போட்டேன். டைனமோ மேல் 65 ஆம்ப் என்று இருக்கிறது. ஐடிலில் வந்தது 18. அதில் ஆச்சரியம் இல்லை, உங்களுக்குத் தெரியாததும் இல்லை: இன்ஜின் நிமிஷத்துக்கு 700 சுற்று, புல்லி விகிதம் இரண்டரை என்று வைத்தால் டைனமோ 1750தான் சுற்றும், அந்த 65 வருவதற்கு 5000, 6000 சுற்றாவது வேண்டும். லாரி ஹைவேயில் ஓடிக்கொண்டே இருக்கும், அதனால் நம்ம கடையில் யாரும் ஐடில் கணக்குக் கேட்டு வந்ததில்லை. இங்கே எட்டு மணி நேரமும் ஐடில். செலவைக் கூட்டினேன். பிரிட்ஜ் 4, சோனார் ஒன்றரை, பம்ப் 3, பாட்டு 6, போன்கள் 3, இன்ஜினின் இக்னிஷனுக்கே 5. கிட்டத்தட்ட 23 ஆம்ப் போகிறது, 18 வருகிறது. மணிக்கு ஐந்து குறைந்தால் எட்டு மணி நேரத்தில் 40, கிழட்டு பேட்டரி ஒன்று படுக்க அது போதாதா?

சரி, டைனமோவை மாற்றிவிடலாம் என்று கழற்றப் போனவன் உங்கள் குரல் கேட்டு நின்றேன், "வயரைப் பார்க்காமல் டைனமோவைத் தொடாதே". இன்ஜினை 2000 சுற்றில் வைத்து, எல்லாவற்றையும் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முள்ளை டைனமோவின் பிளஸ் போல்ட்டிலும் இன்னொன்றைப் பேட்டரி பிளஸ்ஸிலும் வைத்தேன். 0.8 வோல்ட். டைனமோ வாசலில் 14.2 இருக்கிறது, பேட்டரி வாசலுக்கு வரும்போது 13.3 ஆகிவிடுகிறது, எர்த் பக்கம் ஒரு 0.1 போகிறது. இப்படிக் கொடுத்தால் பேட்டரி எந்த ஜென்மத்தில் நிறையும்? வயர் நுனியில் உறையைச் சீவிப் பார்த்தால் உள்ளே செம்பு பச்சையாகி, கிள்ளினால் மாவாக உதிர்கிறது. உப்பளத்து லாரி கடைக்கு வந்தால் நீங்கள் ஒரு முழ வயரைச் சீவிச் சீவி நல்ல செம்பு தேடுவீர்களே, அதே பச்சை. இத்தனைக்கும் ஏரியில் ஒரு சிட்டிகை உப்புக் கிடையாது, ஈரமே போதும் போல. (உப்பு இங்கே ரோட்டில் இருக்கிறது சித்தப்பா. பனிக்காலம் முழுக்க லாரி லாரியாகக் கொட்டுகிறார்கள், கார் எல்லாம் அடியில் அரித்துப்போகிறது. பார்க்கும்போதெல்லாம் நம்ம ஊர் நினைப்புதான்.) இங்கே படகுக்கென்று வெள்ளீயம் பூசிய செம்பு வயர் விற்கிறார்கள், ஒவ்வொரு இழையும் வெள்ளையாக இருக்கும். 2 கேஜ் கனத்தில் அதை வாங்கி, எர்த்தும் சேர்த்துப் புதிதாக இழுத்தேன். 0.8 இருந்த இடத்தில் 0.1.

இதில் உங்களுக்கும் எனக்கும் ஒரு சண்டை வரும். வயர் நுனியில் மாட்டுகிற லக்கை நான் ஈயம் வைத்துப் பற்றவில்லை, அழுத்தித்தான் போட்டேன். பற்றினால் ஈயம் ஏறிய இடம் வரை வயர் கம்பியாக விறைத்துவிடுகிறது, படகு அலையில் குதிக்கும்போது அந்த ஓரத்தில்தான் முறிகிறது என்கிறார்கள். நான் நம்பாமல் ஒரு துண்டைப் பற்றி, ஒரு துண்டை அழுத்தி, இரண்டையும் வைஸில் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். பற்றியதுதான் முதலில் போனது. அழுத்துகிற கருவியும் ஒரு கை நீளம் இருக்கிறது, சுத்தியலால் தட்டிச் சப்பையாக்குகிற கதை இங்கே ஆகாது. அப்புறம் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து 7 அங்குலத்துக்குள் பியூஸ். நாம் டைனமோ பக்கம் பாதுகாத்தால் போதும் என்று நினைப்போம், ஆனால் வயர் எங்காவது உரசி எர்த் ஆனால் கொட்டப்போவது பேட்டரிதானே.

இப்போது உங்கள் லூகாஸ் டிவிஎஸ் கார் டைனமோ. தரத்தில் குறையே இல்லை, மாட்டினால் கரண்டும் வரும். ஆனால் இது பெட்ரோல் இன்ஜின், மூடிய பெட்டிக்குள் இருக்கிறது. காரில் பெட்ரோல் ஆவி கசிந்தால் கீழே ரோட்டுக்குப் போய்விடும், படகின் அடியில் திறப்பு கிடையாது, காற்றைவிடக் கனமான ஆவி அப்படியே தொட்டித் தண்ணீர் மாதிரி தேங்கும். கார் டைனமோவில் கார்பன் துண்டு, சுற்றுகிற ஸ்லிப் ரிங் வளையத்தில் உரசும்போது வருகிற பொறி வெளியே தெரியும், ராத்திரியில் நீங்களே எனக்குக் காட்டியிருக்கிறீர்கள். அந்த ஒரு பொறி போதும். படகு டைனமோவில் அந்த இடத்தை மூடி, காற்றுத் துளைகளில் மெல்லிய வலை போட்டிருக்கிறார்கள், உள்ளே பற்றினாலும் நெருப்பு வெளியே வராது. சாவி போடுவதற்கு முன்னால் நாலு நிமிஷம் ஒரு ஃபேனை ஓடவிட்டு ஆவியை வெளியே தள்ள வேண்டும் என்பதும் இங்கே பாடம், படகு ஓட்ட ஒரு அட்டை வாங்க வேண்டும், அந்தப் பரீட்சைக்கு நானும் படித்தேன். முதல் தடவை அந்த நாலு நிமிஷம் நாற்பதாகத் தெரிந்தது. டீசல் படகாக இருந்தால் உங்களிடமே வாங்கியிருப்பேன், சத்தியமாக.

பெரியவருக்கு 120 ஆம்ப் வேண்டும் என்று ஆசை. பெல்ட் ஒற்றை வி பெல்ட், 10 மில்லிமீட்டர் அகலம், அது 80க்கு மேல் இழுக்காது, வழுக்கிக் கருகும். அதனால் 80 ஆம்ப்தான் போட்டோம், ஐடிலிலேயே நன்றாகக் கொடுக்கிற வகையாகத் தேடி. இப்போது ஐடிலில் 36 வருகிறது. பேரன் வேறு லித்தியம் பேட்டரி போடுங்கள் தாத்தா என்று நச்சரித்தான். கிடைக்கிற கரண்டை எல்லாம் அது உறிஞ்சும், மெதுவாகச் சுற்றுகிற டைனமோவில் காற்றும் கம்மி, வெந்துவிடும். அதோடு லித்தியத்துக்குள் இருக்கிற காவல் சர்க்யூட் திடீரென்று கதவை மூடினால் வோல்ட் எகிறி டைனமோவின் டயோடு போகும். நடுவில் இன்னொரு சார்ஜர் வைத்தால் சரியாகும், அதற்கு இன்னும் காசு. 100 ஆம்ப் ஹவர் ஏஜிஎம், அதாவது மூடி சீல் வைத்த ஈய பேட்டரி, ஒன்று போதும் என்று முடித்தேன், தண்ணீர் ஊற்றுகிற வேலையும் இல்லை.

பழைய இடத்தில் செல்ஃபுக்கு மட்டும் ஒரு பேட்டரி, பிரிட்ஜ், பாட்டு வகையறாவுக்கு இந்த ஏஜிஎம். நடுவில் ஒரு ரிலே, அது நம்ம பழைய டைனமோ கட்-அவுட் ரிலேவுக்குப் பேரன் என்று வைத்துக்கொள்ளுங்கள்: செல்ஃப் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறி 13 வோல்ட்டைத் தாண்டிக் கொஞ்ச நேரம் நின்றால் இரண்டையும் சேர்த்துவிடும், 12.7 பக்கம் இறங்கினால் பிரித்துவிடும். பாட்டு எவ்வளவு நேரம் ஓடினாலும் செல்ஃப் பேட்டரியைத் தொட முடியாது. அது சேரும்போது "டக்" என்று ஒரு சத்தம் வரும், பெரியவர் அதைக் கேட்பதற்கென்றே இன்ஜின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

போன சனிக்கிழமை முழுநாள் போனோம். ஒன்பது மணி நேரம், எல்லாம் ஓடியது, சாயங்காலம் இன்ஜினை நிறுத்திச் சாவி போட்டேன், ஒரே சுற்றில் பிடித்தது. மீன் இரண்டு. ஒன்றை நம்ம மசாலா போட்டுப் பொரித்துக் கொடுத்தேன் (மசாலாவுக்கு ஸ்கார்பரோ வரை போக வேண்டும், ஒன்றரை மணி நேரம்), பெரியவர் தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிட்டு முடித்தார்.

ஒன்றை மட்டும் அம்மாவிடம் சொல்லாமல் வைத்திருந்தேன், உங்களிடம் மறைக்க முடியவில்லை. பழைய டைனமோவைக் குப்பையில் போடச் சொன்னார் பெரியவர், மனசு வராமல் நேற்று ஷெட்டில் வைத்துப் பிரித்தேன். கார்பன் இரண்டும் நகக்கணு அளவுக்குத் தேய்ந்து ஸ்பிரிங் தொங்குகிறது, ஸ்லிப் ரிங்கில் விரல் வைத்தால் பள்ளம் தெரிகிறது. அந்த 18 ஆம்ப்பில் இதற்கும் ஒரு பங்கு இருந்திருக்கும். முதலிலேயே பிரித்துப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை, நானூறு டாலர் போனது, அதுவும் பெரியவர் காசு. காயில் சுற்றும் பேரிங்கும் நன்றாகத்தான் இருக்கின்றன. கார்பனின் நீளம், அகலம், கனம் மூன்றையும் அளந்து தனித் தாளில் படம் போட்டு வைத்திருக்கிறேன், மேஜைக்குக் கீழே உள்ள பிஸ்கட் டப்பாவில் அந்த அளவில் ஏதாவது கிடக்கிறதா என்று பாருங்கள்.

சித்தியைக் கேட்டதாகச் சொல்லவும்.

உங்கள்,
செல்வம்