முதல் ஆண்டோடு நின்றுபோகும் அழைப்பு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரைப்பையின் ஏறத்தாழ முக்கால் பங்கை வெட்டியெடுக்கும் ஸ்லீவ் அறுவை சிகிச்சையை உடல் எடைக்காக 2017-இல் செய்துகொண்டவன் என்ற முறையில், அதற்குப் பிந்தைய ஆண்டுகளைப் பற்றிச் சிலவற்றைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

சிகிச்சையால் எனக்குப் பயன் உண்டு. மூட்டுவலி குறைந்தது, சர்க்கரை மாத்திரையும் நின்றது. ஆனால் சாப்பாடு இப்போது கணக்குப் பார்த்துச் செய்யும் வேலையாகிவிட்டது. நாளொன்றுக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும் என்கிறார்கள். இரண்டு இட்லியிலேயே வயிறு நிறைந்துவிடும் சைவ உணவுக்காரருக்கு அது எளிதன்று. சுண்டலையும் பனீரையும் முதலில் உண்டு, சோற்றைக் கடைசிக்குத் தள்ளி, சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துத் தண்ணீர் குடிக்கப் பழகிவிட்டேன். (கல்யாணப் பந்தியில் பாதி இலையோடு எழும்போது பரிமாறுபவர் பார்க்கும் பார்வைக்கு மட்டும் இன்னும் பழகவில்லை.)

முதல் ஆண்டில் மருத்துவமனையிலிருந்தே அழைத்து விசாரித்தார்கள். பிறகு அழைப்பும் நின்றது, நானும் போகவில்லை. வைட்டமின் பி12 உடலில் சேர்வதற்குத் தேவையான சுரப்பைத் தரும் பகுதியில் பெரும்பங்கு இந்த அறுவையில் போய்விடுகிறது; கல்லீரலில் முன்பே இருக்கும் சேமிப்பு சில ஆண்டுகள் தாங்குவதால், எல்லாரும் மறந்த பிறகே குறைபாடு தலைகாட்டுகிறது. ஐந்தாம் ஆண்டில் பாதங்களில் தோன்றிய மதமதப்பை, பழைய சர்க்கரை நோயின் மிச்சம் என்றெண்ணி ஓராண்டைக் கழித்தேன். ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையில் உண்மை தெரிந்தது.

சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021-இல் தொடங்கப்பட்டது. அதில் இந்த அறுவை செய்துகொண்டவர்களையும் பதிவுசெய்து, ஆண்டுக்கு ஒருமுறை பி12, இரும்புச்சத்து, வைட்டமின் டி ஆகியவற்றை அரசு மருத்துவமனைகளில் பரிசோதிக்க ஏற்பாடு செய்யலாம். தனியார் மருத்துவமனைகளோ, டிஸ்சார்ஜ் சம்மரியில் 'வாழ்நாள் முழுவதும் மாத்திரை' என்ற ஒற்றை வரியோடு நிறுத்தாமல், எந்தப் பரிசோதனையை எப்போது செய்ய வேண்டும் என்று அட்டையாக எழுதித் தர வேண்டும். இரைப்பையைச் சிறிதாக்கிச் சிறுகுடலோடு இணைக்கும் இன்னொரு எடைக்குறைப்பு அறுவையான இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவர்களுக்குச் சில வலி மாத்திரைகள் குடல் இணைப்பில் புண்ணை உண்டாக்கும் என்பதும் அந்த அட்டையில் இருக்கட்டும். பத்தாண்டு கழித்து மூட்டுவலி என்று போய் நிற்கும்போது, மருந்து எழுதும் மருத்துவருக்கோ கடைக்காரருக்கோ பழைய அறுவையைப் பற்றிச் சொல்ல நமக்கே நினைவிருப்பதில்லை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருச்சி.