சமூகவியல் மேசையைத் தாண்டிப் போகும் பெற்றோருக்கு

லண்டனின் ஹாரோ, ஈஸ்ட் ஹாம், டூட்டிங், மிச்சம் (Mitcham) பகுதிகளில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கு,

வணக்கம். பதினோராம் ஆண்டுப் பிள்ளைகள் சிக்ஸ்த் ஃபார்முக்கு, அதாவது ஏ-லெவல் படிக்கும் கடைசி இரண்டு ஆண்டுகளுக்கு, பாடம் தேர்ந்தெடுக்கும் காலம் இது. அறிமுக மாலைகளில் கணிதம், வேதியியல், உயிரியல் மேசைகளின் முன்னால் வரிசையில் நிற்கிறீர்கள். சமூகவியல் மேசைக்கு உங்கள் மகள் வருகிறாள். நீங்கள் சற்றுத் தள்ளி நின்று கைபேசியைப் பார்க்கிறீர்கள். நான் தமிழன் என்று தெரிந்ததும் நெருங்கி வந்து, பிள்ளைக்குக் கேட்காத குரலில், "சேர், இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்கிறீர்கள்.

கேள்வி நியாயமானது. பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்துப் பிள்ளையை டியூஷனுக்கு அனுப்புகிறவர் அதைக் கேட்கத்தான் வேண்டும். பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மருத்துவத்துக்கு வேதியியல் வேண்டும், பெரும்பாலும் உயிரியலும் வேண்டும். மூன்றாவது பாடம் சமூகவியலாக இருந்தாலும் பல மருத்துவக் கல்லூரிகள் ஏற்றுக்கொள்கின்றன. பொறியியல்தான் முடிவு என்றால் என்னிடம் வர வேண்டாம்; கணிதம், இயற்பியல், முடிந்தால் உயர் கணிதம் என்று போகட்டும். சட்டப் படிப்புக்கு இன்ன பாடம் படித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக இல்லை. பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் அமைப்பின் புள்ளிக் கணக்கில் ஏ-லெவல் ஏ ஸ்டாருக்கு 56, ஏ-க்கு 48. கணிதத்துக்கும் சமூகவியலுக்கும் ஒரே அளவுதான். ரஸ்ஸல் குழுமம் என்ற முன்னணிப் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு 2011-இல் வெளியிட்ட வழிகாட்டியில் சில பாடங்களுக்கு முன்னுரிமை தந்தது உண்மை. சமூகவியல் அவற்றில் இல்லை. அந்தப் பட்டியலை 2019-இல் அவர்களே கைவிட்டுவிட்டார்கள். நம் கல்யாண வீட்டுப் பேச்சுகளில் மட்டும் அது இன்னும் நடைமுறையில் இருக்கிறது. பெயரைக் கேட்டாலே நீங்கள் நிமிர்ந்து உட்காரும் எல்.எஸ்.ஈ.யில் (லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்) சமூகவியலுக்குப் பேராசிரியர் பதவி 1907-லேயே வந்துவிட்டது.

அடுத்தது, "இலேசான பாடம்" என்ற பெயர். எங்கள் மாணவர்கள் எழுதும் ஏ.கியூ.ஏ. வாரியத்தின் தேர்வில் மூன்று தாள்கள். ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம், 80 மதிப்பெண். வீட்டில் செய்து கொடுக்கும் ஒப்படை கிடையாது. முப்பது மதிப்பெண் கட்டுரையில் ஒரு கருத்தை முன்வைத்து, அதை மறுக்கும் ஆய்வுகளையும் எடுத்துக்காட்டி, எது எவ்வளவு தூரம் நிற்கிறது என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். மனப்பாடத்தில் கெட்டிக்காரர்களான நம் பிள்ளைகள் முதல் தவணையில் தடுமாறுவது இங்கேதான். ஆய்வாளர் பெயர்களை அடுக்கினாலே கொஞ்சம் மதிப்பெண் தேறிவிடும் என்பது இந்தப் பாடத்தின் குறை. அதை நான் மறைக்கவில்லை.

இனி நான் பேச வந்ததைப் பேசுகிறேன். நீங்கள் இந்தப் பாடத்தைப் பல காலமாகப் பேசிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். இலங்கையிலிருந்து வந்த எந்த வீட்டில் தரப்படுத்தல் பற்றிய, அதாவது பல்கலைக்கழக அனுமதிக்கான மதிப்பெண்ணை அரசு மாற்றியமைத்தது பற்றிய, பேச்சு இல்லை? 1971-இல் மொழிவாரியாக வெட்டுப்புள்ளி வந்ததும், மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் தமிழில் எழுதியவர் சிங்களத்தில் எழுதியவரைவிடக் கூடுதலாக எடுக்க வேண்டியிருந்ததும், பிறகு 1974-இல் மாவட்ட ஒதுக்கீடு வந்ததும் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மதிப்பெண் மாணவனின் மூளையை மட்டும் காட்டுவதில்லை, யார் எந்தக் கணக்கில் அதை அளக்கிறார்கள் என்பதையும் காட்டுகிறது என்று அன்றே அறிந்தவர்கள் நீங்கள். சமூகவியல் அங்கிருந்து இன்னும் ஒரு படி மேலே போகச் சொல்லும். மாவட்ட ஒதுக்கீடு யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அடைத்த கதவை மன்னார், வவுனியாப் பிள்ளைக்குச் சற்றுத் திறந்தது. நல்ல ஆய்வுகூடமும் பெயர்பெற்ற கல்லூரிகளும் எந்த ஊரில், யாருக்குக் கிடைத்தன என்ற கேள்வியும் இதில் இருக்கிறது. இதை நம் வரவேற்பறையில் சொன்னால் குரல்கள் உயரும். வகுப்பில் சொன்னால், இரு தரப்புக்கும் ஆதாரம் கேட்போம்.

2020 ஆகஸ்டை நினைத்துப் பாருங்கள். கொரோனாவால் தேர்வு நடக்கவில்லை. ஆசிரியர் கொடுத்த மதிப்பீட்டை ஒரு கணினிச் சூத்திரம் திருத்தியது. பள்ளியின் முந்தைய ஆண்டுகளின் முடிவுகளை வைத்து இந்த ஆண்டு மாணவனின் தரத்தை அது முடிவு செய்தது. இங்கிலாந்தில் ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவான ஏ-லெவல் மதிப்பீடுகள் கீழே இறக்கப்பட்டன. மிகச் சிறிய வகுப்புகளில் ஆசிரியரின் மதிப்பீட்டுக்கே கூடுதல் எடை; அத்தகைய வகுப்புகள் கட்டணப் பள்ளிகளில்தான் அதிகம். 13-ஆம் தேதி வந்த முடிவுகளை 17-ஆம் தேதி அரசு விலக்கிக்கொண்டது. நல்ல பிள்ளை, சாதாரணப் பள்ளி, குறைந்த தரம்: இது எங்கேயோ கேட்ட கதை என்று உங்களுக்குத் தோன்றியிருக்குமே! அந்தத் தோன்றலை முறையாக விசாரிக்கும் இடம் என் வகுப்பறை.

இன்னொன்றும் உண்டு, இது எனக்கு நெடுநாள் ஆதங்கம். கல்வித் தாளில் இனக்குழுவாரியாகத் தேர்ச்சி பற்றிப் படிக்கிறோம். இந்தியர், பாகிஸ்தானியர், வங்கதேசத்தவர், சீனர் என்று வரிசைகள் இருக்கும். இலங்கைத் தமிழ்ப் பிள்ளை பெரும்பாலும் "பிற ஆசியர்" என்ற கட்டத்துக்குள் போய்விடுகிறது. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு அகதிகளாக வந்து, சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியும் ஞாயிற்றுக்கிழமை டியூஷனும் நடத்தி வளர்ந்த ஒரு சமூகத்தின் கதை, பல நாட்டவரோடு கலந்த ஒற்றை எண்ணாகி நிற்கிறது. டியூஷன் உண்மையில் என்ன செய்கிறது? யார் பின்தங்குகிறார்கள்? சாதி இங்கே எந்த வடிவில் கல்யாணப் பேச்சுக்குள் வருகிறது? இவற்றை வெளியார் வந்து எழுதினால் கோபப்படுவீர்கள். எழுதக்கூடிய நம் பிள்ளையிடம் "அந்தப் பாடம் வேண்டாம்" என்கிறீர்கள்.

குடும்பம் பற்றிய தாளைக் கண்டு சிலருக்குப் பயம், வீட்டு விஷயம் வெளியே போய்விடுமோ என்று. பெண்ணின் மும்மடங்கு உழைப்பு என்று ஒரு பகுதி வரும்: சம்பளத்துக்கு வேலை, வீட்டு வேலை, எல்லோருடைய மனத்தையும் தாங்கும் வேலை. முதியோர் இல்லத்தில் பகல் வேலை முடித்து வந்து, சமைத்து, பிறகு ஊரிலிருந்தும் கனடாவிலிருந்தும் வரும் அழைப்புகளுக்கெல்லாம் காது கொடுக்கும் அம்மாக்களின் பிள்ளைகளுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படுவதில்லை. அப்பாக்களே, அந்தத் தாளுக்குப் படிக்கும் வாரத்தில் உங்கள் மகன் பாத்திரம் கழுவ வந்தால் தடுக்காதீர்கள். (நீங்களும் கழுவலாம்.)

தமிழ்ப் பள்ளி நிர்வாகிகளுக்கும் ஒரு விண்ணப்பம். தொழில் வழிகாட்டல் நாளுக்கு மருத்துவர், பொறியியலாளர், கணக்காளர் ஆகியோரை அழைக்கிறீர்கள். சமூக ஆய்வு செய்கிறவர் ஒருவருக்கும், உள்ளூராட்சி மன்றத்தில் வீட்டு வசதித் திட்டம் தீட்டுகிறவர் ஒருவருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். யாரும் கிடைக்காவிட்டால் சனிக்கிழமைகளில் நானே வருகிறேன், தேநீர் போதும்.

பெற்றோரே, ஆகஸ்டில் பதினோராம் ஆண்டுத் தேர்வான ஜி.சி.எஸ்.ஈ.யின் முடிவு வந்த பின்பும், செப்டம்பரின் முதல் வாரங்களிலும் பாடத்தை மாற்றிக்கொள்ளப் பல பள்ளிகள் இடம் தருகின்றன. ஆகவே படிவத்தில் பிள்ளை எழுதிய பெயரை இப்போதே அடித்துவிட வேண்டாம். அடித்தே தீர வேண்டும் என்றால், அதற்கு முன் என் மேசைக்கு வாருங்கள். குரலைத் தாழ்த்தாமல், பிள்ளைக்கு முன்னாலேயே கேளுங்கள். அவளும் உங்களிடம் கேட்பதற்கு ஏதாவது வைத்திருப்பாள்.

அன்புடன்,
சிக்ஸ்த் ஃபார்ம் சமூகவியல் ஆசிரியர் ஒருவர்,
வடமேற்கு லண்டன்