புதிய மேக் ப்ரோவில் எத்தனை ஸ்லாட் இருக்கும்?

சென்னை, பிப்ரவரி 2019

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆப்பிள் நிறுவனம் இந்த ஆண்டு வெளியிடவிருக்கும் தொழில்முறை மேசைக் கணினியான மேக் ப்ரோ பற்றித் தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த செய்தியில், எத்தனை கோர், எவ்வளவு வேகம் என்ற ஊகங்களே நிறைந்திருந்தன. எடிட்டிங், கலர் கிரேடிங், ஒலிக்கலவை செய்யும் கூடங்கள் ஐந்து ஆண்டுகளுக்கு மேலாகக் காத்திருப்பது, மூடியைத் திறந்து கார்டை மாற்றக்கூடிய ஒரு பெட்டிக்காக. 2013 மாடலில் நடந்த தவறு தெரிந்தால்தான் வரப்போவதை எடைபோட முடியும்.

2006 முதல் 2012 வரை வந்த அலுமினிய டவரில் கூடுதல் கார்டுகளைச் செருகும் நான்கு பிசிஐ ஸ்லாட், நான்கு ஹார்டு டிஸ்க் தட்டு, 980 வாட் பவர் சப்ளை இருந்தன. 2013 டிசம்பரில் அதன் இடத்துக்கு வந்த கறுப்பு உருளையில் ஒரு ஸ்லாட்கூட இல்லை. பவர் சப்ளை 450 வாட்தான். உள்ளே முக்கோண வடிவில், வெப்பத்தை இழுத்து வெளியேற்றும் ஒரு ஹீட்சிங்க். அதன் ஒரு முகத்தில் பிராசசர், மற்ற இரண்டிலும் ஏஎம்டி ஃபயர்ப்ரோ கிராஃபிக்ஸ் கார்டுகள், மேலே ஒரே ஒரு ஃபேன். மென்பொருள்கள் வேலையை இரண்டு நடுத்தரக் கார்டுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் என்ற கணக்கில் செய்த வடிவம் இது. தொழிலோ ஒரே ஒரு பெரிய கார்டின் பக்கம் போய்விட்டது. 250 வாட் இழுக்கும் கார்டை ஒரு முகத்தில் பொருத்தினால் வெப்பம் அங்கேயே குவியும், 450 வாட்டில் மற்றவற்றுக்கு மிஞ்சுவதும் போதாது. ஆகவே புதிய கார்டு எதுவும் அதற்கு வரவே இல்லை. இருந்த கார்டுகளிலும் கோளாறு வந்தது. 2015 பிப்ரவரி 8 முதல் ஏப்ரல் 11 வரை தயாரான, டி500, டி700 வகை ஃபயர்ப்ரோ கார்டு கொண்ட இயந்திரங்களை இலவசமாகப் பழுதுபார்த்துத் தர 2016இல் ஆப்பிள் முன்வந்தது. 2017 ஏப்ரலில் பத்திரிகையாளர்களைக் கூட்டி, வெப்ப விஷயத்தில் இந்த வடிவம் தங்களைக் கட்டிப்போட்டுவிட்டதை ஒப்புக்கொண்டது. புதியது 2019இல்தான் வரும் என்று 2018 ஏப்ரலில் சொன்னது.

வெளிப்பெட்டியில் கார்டை வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். உருளையில் உள்ள தண்டர்போல்ட் 2 என்ற கேபிள் இணைப்பு நொடிக்கு 20 ஜிகாபிட் கடத்தும். தண்டர்போல்ட் 3 வந்தாலும் 40தான். டெஸ்க்டாப்பில் ஒரு 16 லேன் (தரவு போகும் பாதை) பிசிஐ 3.0 ஸ்லாட் 120க்கு மேல் கடத்துகிறது. போதாக்குறைக்கு, மேக்ஓஎஸ் வெளிக் கார்டுகளை அதிகாரபூர்வமாக ஆதரிப்பது தண்டர்போல்ட் 3 உள்ள இயந்திரங்களில் மட்டுமே. ஒலிப்பதிவு மென்பொருளான ப்ரோ டூல்ஸுக்கான எச்டிஎக்ஸ் கார்டு வைத்திருக்கும் ஒலிக்கூடங்களும் உருளைக்கு மாறியபோது தனிப் பெட்டி, தனிக் கேபிள், தனி மின் இணைப்பு என்று செலவழிக்க வேண்டியிருந்தது.

சாலிகிராமம், வடபழனிப் பக்கம் பழைய டவர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் காரணம் அந்த ஸ்லாட்டுகள்தான். 2010, 2012 மாடல் வைத்திருப்பவர்கள் அதை எடைக்குப் போடாமல் புதியது வரும்வரை ஓட்டலாம். மேக்ஓஎஸ்ஸின் மொஹாவே பதிப்பு ஏற வேண்டுமானால், மெட்டல் என்ற ஆப்பிளின் கிராஃபிக்ஸ் தொழில்நுட்பத்தை ஆதரிக்கும் கார்டு கட்டாயம். 8 ஜிபி சஃபையர் பல்ஸ் ஆர்எக்ஸ் 580 பொருத்தமானது, ஆப்பிளே தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. மின்சாரத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். ஸ்லாட் 75 வாட் தரும், மதர்போர்டில் உள்ள இரண்டு மினி 6 பின் சாக்கெட்டுகள் ஆளுக்கு 75 வாட் தரும், மொத்தம் 225. அந்தக் கார்டுக்கு 8 பின் இணைப்பு வேண்டும். இரண்டு சாக்கெட்டிலிருந்தும் எடுத்து ஒரே 8 பின்னாகச் சேரும் கேபிளைத்தான் போட வேண்டும். ஒரே சாக்கெட்டிலிருந்து எடுத்தால் ரெண்டரிங் நடுவே இயந்திரம் தானாக அணைந்துவிடும்.

கார்டை மாட்டியபின், டிஸ்க்கைக் குறியாக்கும் ஃபைல்வால்ட் பூட்டை நீக்குங்கள். இந்த மாடல்களில் மொஹாவே அதை ஏற்காது. முந்தைய பதிப்பான ஹை சியரா 10.13.6இலிருந்து இன்ஸ்டாலரை ஓட்டினால் முதலில் ஃபர்ம்வேரை, அதாவது போர்டிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளை, புதுப்பிக்கச் சொல்லும். அணைத்துவிட்டு, பவர் பட்டனை விளக்கு சிமிட்டும்வரை அல்லது நீண்ட ஒலி கேட்கும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். நடுவில் கரன்ட் போனால் போர்டே போய்விடக்கூடும், யுபிஎஸ் இல்லாமல் தொடாதீர்கள். சாதாரண பிசி கார்டில், இயந்திரம் எழும்போது வரும் பூட் திரை தெரியாது. அது தேவைப்படும் நேரத்துக்காகப் பழைய கார்டைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். மொஹாவே 10.14.1இன் ஃபர்ம்வேருக்குப் பிறகு என்விஎம்இ எனும் அதிவேக எஸ்எஸ்டியிலிருந்தே பூட் ஆகும். நான்கு லேன் அடாப்டர் கார்டில் நொடிக்குச் சுமார் 1,500 எம்பி கிடைக்கும், ஹார்டு டிஸ்க் தட்டில் போட்ட எஸ்எஸ்டி 300ஐத் தொடாது. என்விடியாவின் புதிய கார்டுகளுக்கு மொஹாவேயில் டிரைவர் இல்லை. என்விடியாவின் கூடா (CUDA) கணக்கீட்டுத் தொழில்நுட்பத்தை நம்பியிருப்பவர்கள் ஹை சியராவிலேயே நிற்பது நல்லது.

ரேம் மூன்று சேனல் அமைப்பு. ஒரு பிராசசருக்கு நான்கு ஸ்லாட் இருந்தாலும் மூன்றை நிரப்பினால்தான் முழு வேகம். ரெஜிஸ்டர்டு எனப்படும் வகை ரேமையும் மற்ற வகையையும் கலந்தால் இயந்திரம் எழாது.

இரட்டைப் பிராசசர் தட்டில், பிராசசரை ஸ்லாட்டுகளோடு இணைக்கும் நார்த்பிரிட்ஜ் சிப்பின் ஹீட்சிங்கைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் ரிவெட்டுகள் வயதாகி நொறுங்கும். ஹீட்சிங்க் தூக்கிக்கொள்ள, சிப் சூடேறி இயந்திரம் படுத்துவிடும். போர்டே போய்விட்டது என்று சொல்லி விற்கப்படும் தட்டுகளில் இதையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. ரிவெட்டையும் பேஸ்ட்டையும் மாற்றினாலே சில எழுந்துவிடும். கடிகாரப் பேட்டரிக்கு பிஆர்2032 வாங்குங்கள், அது சிஆர்2032ஐவிடச் சூடு தாங்கும். இத்தனை செய்தாலும் ஒரு குறையைத் தீர்க்க முடியாது: அந்தத் தலைமுறை ஜியான் பிராசசர்களில் ஏவிஎக்ஸ் எனும் கட்டளைத் தொகுப்பு இல்லை. அதைக் கேட்கும் மென்பொருள் ஓடாது. ஆக இது இடைக்கால ஏற்பாடுதான்.

இன்னும் 2,999 டாலருக்கு விற்கும் உருளையை இப்போது புதிதாக வாங்குவது வீண். 2017 ஐமேக் ப்ரோ நல்ல வேகம், ஆனால் கிராஃபிக்ஸ் சிப் போர்டோடு பற்றவைத்தது, ரேமைத் தொட 27 அங்குலத் திரையைக் கழற்ற வேண்டும். விண்டோஸ் பக்கம் போக நினைப்பவர்களுக்கு ஒரு தடை குறைந்திருக்கிறது: கடந்த டிசம்பரில் அடோபி பிரீமியர் விண்டோஸிலும் ஆப்பிளின் வீடியோ வடிவமான ப்ரோரெஸ் கோப்பு எழுதத் தொடங்கியது. கலர் கிரேடிங் மென்பொருளான டாவின்சி ரிசால்வ் விண்டோஸில் இன்னும் ப்ரோரெஸ் எழுதாது, கிரேடிங் கூடங்கள் அதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

புதிய மேக் ப்ரோ அறிவிக்கப்படும் நாளில் தங்கள் நிருபர்கள் விலைக்கும் வேகத்துக்கும் முன்பாக வேறு சிலவற்றைக் கேட்டு எழுத வேண்டுகிறேன். முழு நீளக் கார்டுக்கு எத்தனை 16 லேன் ஸ்லாட்? கார்டுகளுக்கென்று எத்தனை வாட்? கடையில் கிடைக்கும், பிழை திருத்தும் இசிசி ரேம் ஏறுமா? ஐமேக் ப்ரோவில் எஸ்எஸ்டியைக் குறியாக்கும் டி2 சிப் இதிலும் வந்தால், போர்டு பழுதானால் எஸ்எஸ்டியில் உள்ள ஃபுட்டேஜை மீட்க வழி உண்டா? சென்னையில் உதிரி பாகம் எத்தனை நாளில் கிடைக்கும்? கூடங்கள் கடன் வாங்கிப் போடும் பணம் இது. பதில் தெரியும்வரை முன்பணம் கட்டாமல் இருப்பதே நல்லது.

இப்படிக்கு,
ஸ்டூடியோ கணினிப் பராமரிப்பாளர்,
சாலிகிராமம், சென்னை