கிரைண்டர் பிடிக்கும் கைகள்: திருகோணமலைப் படகுப் பட்டறை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய உரிமையாளர்களே,

வாடை தொடங்கிக் கடல் குழம்பினால் படகுகள் கரையேறும். கொட்பேயிலிருந்து குச்சவெளி வரை, கையில் பிடிக்கும் கிரைண்டர் மெசினால் பைபர் படகுகளைச் சுரண்டும் வேலை கூடும் காலம் அது. அதற்கு முன்பே உங்களிடம் ஒன்று கேட்கிறோம். வேலையாளின் கை விறைப்பதை அவருடைய உடம்புக் குறை என்று விட்டுவிடாதீர்கள். அதைத் தடுப்பது பட்டறையின் பொறுப்பு.

"கை விறைக்குது, ஊசி குத்துற மாதிரி இருக்குது" என்ற பேச்சுத்தான் பெரும்பாலும் முதல் அறிகுறி. கிரைண்டரின் அதிர்வு விரல் நரம்பையும் நுண்ணிய இரத்தக் குழாய்களையும் கொஞ்சங் கொஞ்சமாகக் கெடுக்கிறது. குளிர் நாடுகளில் விரல் வெளுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். 1918இல் அமெரிக்காவின் இந்தியானாவில் கல் செதுக்குவோரிடம் மருத்துவர் அலிஸ் ஹமில்டன் ஆராய்ந்தது அந்த வெளுப்பைத்தான். எங்கள் வெக்கையில் விரல் வெளுப்பது குறைவு. அதனால் வெளியே ஒன்றும் தெரியாமலே நரம்பு கெட்டுக்கொண்டு போகும். சட்டைப் பொத்தான் போடவும் வலையில் முடிச்சுப் போடவும் விரல் தடுமாறும் அளவுக்கு முற்றினால், போன உணர்வு முழுதாகத் திரும்புவது அரிது.

ஒருவர் எவ்வளவு நேரம் பிடிக்கலாம்? ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு விதிப்படி, கைக்கு ஏறும் அதிர்வு 8 மணி நேரத்துக்குச் சராசரி 2.5 மீ/செ² (அதிர்வின் வலுவைச் சொல்லும் அலகு) வந்தாலே நடவடிக்கை எடுக்க வேண்டும். 5ஐத் தாண்டவே கூடாது. கிரைண்டர் 6 மீ/செ² அதிர்ந்தால், அந்த முதல் அளவு 1 மணி 23 நிமிடத்தில் வந்துவிடும். சுழலும் தண்டைத் தாங்கும் பெயரிங் தேய்ந்து அதிர்வு 12 ஆனால் வெறும் 21 நிமிடம். அதிர்வு இரட்டித்தால் நேரம் காலாகக் குறைகிறது. கணக்கில் சேர்ப்பது சுவிட்சு போட்டிருக்கும் நேரம் மட்டுமே. ஒரே ஆளை நாள் முழுக்க நிறுத்தாமல், அரை மணிக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள்.

இன்னும் நல்லது, சுரண்டும் வேலையையே குறைப்பது. பைபரை ஒட்டும் பசையான றெசின் முழுதாக இறுகுமுன், தோல் போல வளையும் பருவத்தில், ஓரங்களைக் கத்தியால் வெட்டிவிடலாம். பிறகு மேலே ஒரு படை ஒட்ட வேண்டிய இடத்தில், கடைசிப் படை ஈரமாக இருக்கும்போதே அதற்கென்று விற்கும் நைலோன் துணியைப் பரப்பி, இறுகியதும் உரித்தெடுங்கள். மேற்பரப்பு சொரசொரப்பாகவே வரும். அங்கே கிரைண்டருக்குப் பெரிதாக வேலை இருக்காது.

கிரைண்டரில் சுழன்று சுரண்டும் வட்டத் தகடான டிஸ்க்கை மாட்டுவதில்தான் அதிகம் பிழை வருகிறது. பிளக்கைக் கழற்றுங்கள். டிஸ்க்கைப் பிடிக்கும் இரண்டு வட்டங்களிலும் ஒட்டிய றெசின் தூளைத் துடையுங்கள்; மெல்லிய படிவு இருந்தாலும் டிஸ்க் சாய்ந்து உட்காரும். 4 அங்குல மெசினுக்குப் பெரும்பாலும் 16 மி.மீ. துளை. அதில் 22 மி.மீ. துளையுள்ள டிஸ்க்கைப் போட்டால் அது நடுவில் நிற்காது, உடைந்து பறக்கவும் கூடும். நடு உலோக வளையத்தில் காலாவதி மாதமும் ஆண்டும் அச்சிட்டிருக்கும், பாருங்கள். கடற்காற்றுப் படும் தரையில் டிஸ்க்குகளைப் போடாதீர்கள், ஈரம் அவற்றைக் கெடுக்கும். மாட்டியபின் காவல் மூடியோடு ஒரு நிமிடம் சும்மா ஓடவிடுங்கள். உதறினால் நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, டிஸ்க்கை அரைச் சுற்றுத் திருப்பி மாட்டிப் பாருங்கள். அப்போதும் உதறினால் அந்த டிஸ்க் வேண்டாம். வேறு டிஸ்க்கிலும் அதே உதறல் என்றால் குறை மெசினில் இருக்கிறது. பிளக்கைக் கழற்றிவிட்டுத் தண்டைக் கையால் ஆட்டுங்கள். ஆடினால் பெயரிங் போய்விட்டது.

பக்கக் கைப்பிடி இல்லாத கிரைண்டரை வேலைக்குக் கொடுக்காதீர்கள். மெசின் நழுவாத அளவுக்குப் பிடித்தால் போதும், அழுத்தவும் தேவையில்லை. இறுக்க இறுக்க அதிர்வு கைக்குள் ஏறும். அதிர்வு தடுக்கும் கையுறை என்று விற்பதை நம்பிப் பணத்தைக் கொட்டாதீர்கள். தாழ்ந்த அதிர்வெண்களை அது அவ்வளவாகக் குறைப்பதில்லை, தடிப்பு கூடினால் பிடியும் இறுகும்.

கிழமைக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் தனியாகக் கேளுங்கள்: வேலை விட்ட பிறகும் விறைப்பு நிற்கிறதா, இரவில் கை ஊர்ந்து நித்திரை கலைகிறதா, பொருள் கைதவறி விழுகிறதா? ஆம் என்றால் அன்றே கிரைண்டரிலிருந்து எடுத்து, அதே சம்பளத்தில் வேறு வேலை கொடுத்து, வைத்தியரிடம் அனுப்புங்கள். என்ன கருவியை எவ்வளவு நேரம் பிடித்தார் என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். கூலி வெட்டுப்படும் என்ற பயம் இருந்தால் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள்.

இப்படிக்கு,
மின்கருவி திருத்துநர்களும் தொழிற்பயிற்சி ஆசிரியர்களும்
திருகோணமலை