சூடு ஆறட்டும், தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

நேற்று ராத்திரி நீ போனை வைத்த பிறகு வெகு நேரம் தூக்கமே வரவில்லை. கற்பூரவல்லி இலையை அரைத்துத் தயிரில் கலக்கிற தம்புளி செய்து பார்த்தாய், தயிர் திரிந்து திட்டுத் திட்டாக மிதந்தது, வாயில் வைத்தால் நாக்கு மரத்துப் போகிற மாதிரி ஒரு காட்டம், அப்படியே கொட்டிவிட்டுக் கீழே இறங்கிப் போய் பரோட்டா சாப்பிட்டேன் என்று சொன்னாய். கத்திரி வெயில் நேரத்தில், வேலூரில், மத்தியானம் ஒன்றும் இறங்காமல் கிடந்துவிட்டு ராத்திரி பரோட்டா. உடம்பு என்னத்துக்கு ஆகும் தம்பி?

செய்முறையைப் போனில் அவசர அவசரமாகச் சொன்னது என் தப்பு. அதனால் நிதானமாக எழுதுகிறேன். உன் அறையில் இருக்கிற மற்ற இரண்டு பிள்ளைகளும் படிக்கட்டும், உங்களைப் போல வெளியூரில் ஒற்றை அடுப்பு வைத்துச் சமைக்கிற யாரும் படிக்கட்டும் என்றுதான் எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன்.

உனக்கு நினைவிருக்கிறதா? பத்தாவது பரீட்சை முடித்துவிட்டு கர்நாடகத்தில் சிமோகா பக்கம் சாகருக்கு எங்களைப் பார்க்க வந்தாய். ராத்திரி பூராவும் பஸ், வழியில் கண்ட கடையில் சாப்பாடு. வந்த அன்று முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் சுருண்டு கிடந்தாய். பக்கத்து வீட்டு அஜ்ஜி, நம் ஊர்ப் பாட்டிதான், ஒரு சொம்பு நிறைய வெளிர்பச்சையாக ஏதோ கொண்டுவந்து கொடுத்தார். முதல் டம்ளரைச் சந்தேகத்தோடு குடித்தாய். மூன்றாவது டம்ளர் முடித்துவிட்டு, "அக்கா, இது மோரா துவையலா?" என்று கேட்டாய். அஜ்ஜிக்குத் தமிழ் தெரியாது. நான் கன்னடத்தில் சொன்னதும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

அதுதான் தம்புளி. கன்னடத்தில் தம்பு என்றால் குளிர்ச்சி, ஹுளி என்றால் புளிப்பு. நம் 'தண்', நம் 'புளி' இரண்டும்தான் அங்கே வேறு சட்டை போட்டுக்கொண்டு நிற்கின்றன. சாகர் இருக்கிற மலநாட்டு மலைப் பக்கத்திலும் உடுப்பி, மங்களூர்ப் பக்கத்திலும் மத்தியானச் சாப்பாட்டில் சுடுசாதத்தில் முதலில் ஊற்றிப் பிசைவது இதைத்தான். நம் வீட்டில் அம்மா செய்த வெள்ளரிக்காய்த் தயிர்ப் பச்சடிக்கு இது ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள். அங்கே காய் நறுக்கிப் போடுகிறோம், இங்கே இலையை வதக்கி அரைத்துக் கலக்குகிறோம். பச்சடியை விடக் கொஞ்சம் நீர்க்க இருக்கும், மோரை விடக் கொஞ்சம் கெட்டியாக இருக்கும்.

இப்போது உன் தம்புளிக்கு வருகிறேன். கேட்கக் கேட்க எனக்குப் புரிந்தது: இலையை வதக்கினாய், சூடாக இருக்கும்போதே மிக்ஸியில் போட்டு, அதிலேயே தயிரையும் ஊற்றிச் சுற்றினாய், அதன் தலையில் பொரிகிற எண்ணெயோடு தாளித்துக் கொட்டினாய், பிறகு "கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கட்டும்" என்று அடுப்பிலும் வைத்தாய். தயிர் எத்தனை இடத்தில் சூடு பட்டிருக்கிறது பார்.

தயிர் என்ன ஆகிறது என்று தெரிந்துகொண்டால் இந்தத் தவறு மறுபடி வராது. பாலில் இருக்கிற கேசீன் என்ற புரதம், பால் புளிக்கப் புளிக்க ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு ஒரு வலை மாதிரி ஆகிறது. அந்த வலைக்குள் தண்ணீர் சிறைப்பட்டு நிற்பதுதான் கெட்டித் தயிர். முழுக்கொழுப்புப் பாலில் உறைந்த தயிரிலும் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் தண்ணீர்தான். சூடு பட்டதும் அந்த வலை இறுகிச் சுருங்கும், ஈரத் துணியைப் பிழிந்த மாதிரி தண்ணீர் தனியே வெளியே வரும். நீ பார்த்த திட்டுகள் அவைதான். மோர்க்குழம்பை மட்டும் எப்படி அடுப்பில் வைக்கிறோம் என்று கேட்பாய். அதில் அரிசியும் துவரம்பருப்பும் ஊறவைத்து அரைத்து விடுகிறோம் இல்லையா? அந்த மாவுச்சத்து தயிருக்குக் காவல். அப்போதும் நுரை கட்டியதும் இறக்கிவிடுகிறோம். தம்புளிக்கு அந்தக் காவல் கிடையாது. அடுப்பு அதற்கு இரண்டே வேலைக்கு: இலை வதக்க, தாளிக்க. இரண்டும் ஆறிய பிறகுதான் தயிரின் முகத்தில் விழிக்க வேண்டும்.

நாக்கு மரத்ததற்குக் காரணம் வேறு. எத்தனை இலை போட்டாய் என்று கேட்டபோது "ரெண்டு கை" என்றாய். கற்பூரவல்லியை நாம் ஓமவல்லி என்றும் சொல்வது சும்மா இல்லை. ஓமத்துக்கு வாசனை தருகிற தைமால் அந்த இலையிலும் இருக்கிறது, அதற்கு நெருங்கின உறவான கார்வக்ராலும் இருக்கிறது. இரண்டும் சொட்டு அளவில் மணம், கை அளவில் காட்டம். நாக்கைக் கடிப்பது அவைதான். ஒரு கப் தயிருக்கு நடுத்தரமான இலை பன்னிரண்டு போதும். கொழுந்து வேண்டாம். அடியில் இருக்கிற முற்றின இலையும் வேண்டாம், சொரசொரப்பாக வாயில் தட்டும். நடுத்தண்டில் இருப்பதைப் பார்த்துப் பறி.

நெய்யில்தான் வதக்க வேண்டும், ஒரு டீஸ்பூன். எண்ணெய் இருக்கிறதே என்று சமாளிக்காதே. நெய் இல்லையென்றால் தேங்காய் எண்ணெய், அதுவும் இல்லையென்றால் அன்றைக்கு இதைச் செய்ய வேண்டாம், வெள்ளரிப் பச்சடி செய்துகொள். அந்த இலையின் வாசனை எண்ணெய்ப் பசையில்தான் கரையும், தண்ணீரில் கரையாது. நெய்யும் தேங்காயும் தயிரின் கொழுப்பும் சேர்ந்து அதைப் பிடித்துவைக்கின்றன.

வாணலியில் நெய் உருகியதும் அரை டீஸ்பூன் சீரகம், ஐந்தாறு மிளகு, ஒரு பச்சை மிளகாய். சீரகம் சிவந்ததும் இலையைக் கிள்ளிப் போடு. சதைப்பிடிப்பான இலை, தண்ணீர் நிறைய விடும். அது வற்றி, இலை சுருண்டு, பச்சை நிறம் மங்கி ஒரு பழுப்புப் பச்சைக்கு வரும்வரை சின்னத் தீயில் வதக்கு. இரண்டு மூன்று நிமிஷம் ஆகும். நிறம் போகிறதே என்று பயந்து சீக்கிரம் இறக்கிவிடாதே. காட்டம் அடங்குவது அந்தக் கடைசி நிமிஷத்தில்தான். அஜ்ஜி இந்த இடத்தில் வாணலி மேல் குனிந்து மோந்து பார்ப்பார். பச்சை வாடை போய் ஓமம் வறுத்த மாதிரி ஒரு மணம் வந்ததும் "ஆய்த்து" என்பார். முடிந்தது என்று அர்த்தம்.

இறக்கியதும் தட்டில் பரப்பி வைத்துவிட்டு நீ போய்க் குளித்துவிட்டு வா. நிஜமாகவே சொல்கிறேன். நின்றுகொண்டிருந்தால் அவசரப்படுவாய்.

முழுக்க ஆறிய பிறகு மூன்று டேபிள்ஸ்பூன் தேங்காய்த் துருவல் சேர்த்து, தண்ணீர் விட்டு நைசாக அரை. மிக்ஸியில் தயிரை ஊற்றாதே. அந்த வேகத்தில் வலை கிழிந்து தயிர் தண்ணியாகிவிடும். விழுதைக் கிண்ணத்துக்கு மாற்றி, தயிரை ஸ்பூனால் அடித்துக் கலக்கி, அரை கப் தண்ணீர் விட்டுக்கொள். உப்பு சாப்பிட உட்காரும்போது. தாளிப்புக்குக் கடுகு, ஒரு வரமிளகாய், கறிவேப்பிலை, சிட்டிகை பெருங்காயம். கரண்டியைக் கீழே வைத்து, சலசலப்பு அடங்கி விரலால் தொடுகிற பதம் வந்த பிறகு ஊற்று. சுடுசாதத்தில் பிசைந்தால் அந்தச் சூடு தட்டுக்கு வந்த பிறகு நடக்கிறது, நீ உடனே சாப்பிட்டுவிடுவாய். அதனால் பாதகமில்லை.

தயிர் நல்லதாக இருந்தால்தான் இவ்வளவுக்கும் அர்த்தம். வேலூர் வெயிலில் நீ ராத்திரி பத்து மணிக்கு உறை ஊற்றினால் விடிவதற்குள் புளித்துப் போகாமல் என்ன செய்யும்? பாலை உறையவைக்கிற கிருமிகளுக்கு 40 டிகிரியை ஒட்டிய சூடு சொர்க்கம். உன் அறை மே மாதத்தில் ராத்திரியிலும் அவற்றுக்கு வசதியான இடம்தான். அதனால் உறையைக் குறை. அரை லிட்டர் பாலுக்குக் குளிர்காலத்தில் ஒரு ஸ்பூன் என்றால் இப்போது கால் ஸ்பூன் போதும். பால் விரல் வைத்தால் சுடாத பதத்துக்கு வந்த பிறகு கலக்கு. ஆவினில் ஆரஞ்சு பாக்கெட் வாங்கு, 6 சதவீதம் கொழுப்பு இருக்கும். நீல பாக்கெட்டில் 3 சதவீதம்தான், தயிர் தளர்வாக நிற்கும். சின்ன மண் கலயம் ஒன்று வாங்கிக்கொள். கலயத்தின் சுவர் அதிகப்படித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், வெளியே கசிகிற ஈரம் ஆவியாகிப் போகும்போது உள்ளே இருக்கிற சூட்டையும் இழுத்துக்கொண்டு போகும். கெட்டியும் கிடைக்கும், குளிர்ச்சியும் கிடைக்கும். கலயத்தை ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி அதன் நடுவில் வைத்தாயானால் எறும்பும் வராது.

வேலைக்கு எடுத்துப் போவதற்கு ஒரு வழி சொல்கிறேன். விழுதை மட்டும் ஒரு சின்ன டப்பாவில் போட்டுக்கொள். தயிர் டப்பாவில் தயிருக்குப் பதில் ஆறின பாலும் ஒரு சொட்டு உறையும். காலை ஆறு மணிக்குக் கலந்தால் பன்னிரண்டு, ஒரு மணிக்குத் திறக்கும்போது புளிப்பே இல்லாத புதுத் தயிர் இருக்கும். ரயில் பயணத்துக்குத் தயிர்சாதம் கட்டும்போது அம்மா பாலை ஊற்றிப் பிசைவாளே, அதே யுக்தி. அங்கேயே இரண்டையும் கலந்துகொள்.

நீ இன்னொன்றும் கேட்டாய்: கற்பூரவல்லி சளிக்குக் கொடுக்கிற இலையாச்சே, அதைக் குளிர்ச்சிக்குச் சாப்பிடலாமா என்று. நானும் இதே கேள்வியை அஜ்ஜியிடம் கேட்டேன். தயிர் குளிர்ச்சி, சளி கட்டும். இலையும் மிளகும் சீரகமும் சூடு, அதைக் கட்ட விடாது. ஒன்றுக்கு ஒன்று துணை, அதனால்தான் குழந்தைக்கும் கிழவிக்கும் கொடுக்கிறோம் என்றார். அது அவர்கள் வீட்டுக் கணக்கு, எனக்கு அது பிடித்திருக்கிறது. என் கணக்கு இன்னும் எளிது. வியர்வையில் நீ இழப்பது தண்ணீரும் உப்பும். ஒரு கிண்ணம் தம்புளியில் இரண்டும் இருக்கின்றன. பசியே இல்லாத மத்தியானத்திலும் அது தொண்டையில் இறங்கும். ராத்திரிக்கு மட்டும் வேண்டாம், அப்போது நீர்மோராகக் குடி. நம் வீட்டுப் பழக்கம் அது, விட்டுவிடாதே.

இலை மாற்றினால் பெயர் மாறும், முறை மாறாது. வல்லாரை கிடைத்தால் விடாதே. கன்னடத்தில் அதற்கு ஒந்தெலகம் என்று பேர், ஒற்றை இலை என்று பொருள். ஒரு காம்புக்கு ஒரே இலைதான் நிற்கும், பார்த்தால் தெரியும். அதை லேசாக வதக்கினால் போதும், பலர் பச்சையாகவே அரைப்பார்கள். மெல்லிய கசப்பு இருக்கும், தேங்காயை ஒரு ஸ்பூன் கூட்டிக்கொள். கறிவேப்பிலையிலும் செய்யலாம். இலையே கிடைக்காத நாளில் அரை டீஸ்பூன் வெந்தயத்தை நெய்யில் சிவக்க வறுத்துத் தேங்காயோடு அரைத்துக் கலக்கு. வெந்தயம் ஒரு நொடி கருகினாலும் அந்த நாள் சாப்பாடு போச்சு, அடுப்பை விட்டு நகராதே. அன்றைக்கு மட்டும் குளிக்கப் போக வேண்டாம்.

அத்தான் வருகிற ஞாயிற்றுக்கிழமை காட்பாடிக்கு ஒரு கல்யாணத்துக்கு வருகிறார். நம் வீட்டுத் தொட்டியிலிருந்து கற்பூரவல்லித் தண்டு மூன்று வெட்டி ஈரத் துணியில் சுற்றிக் கொடுத்து அனுப்புகிறேன். சாகரை விட்டுக் கும்பகோணத்துக்கு வந்தபோது அஜ்ஜி ஒடித்துக் கொடுத்த தண்டிலிருந்து வந்த செடி அது. ஒவ்வொரு தண்டிலும் நாலைந்து கணு இருக்கும். கீழ்க் கணு இரண்டில் இருக்கிற இலையைக் கிள்ளிவிட்டு, அந்த இரண்டு கணுவும் மண்ணுக்குள் போகிற மாதிரி ஊன்று. பழைய பெயின்ட் டப்பா போதும், அடியில் ஆணியால் நாலு ஓட்டை போட்டுவிடு. மண்ணில் பாதி மணல் கலந்துகொள், தண்ணீர் தேங்கினால் தண்டு அழுகும். மொட்டை மாடி வெயிலில் வைக்காதே, ஜன்னல் ஓரத்தில் காலை வெயில் படுகிற இடம் பார். மேல்மண் காய்ந்தால் மட்டும் தண்ணீர் ஊற்று.

தண்டோடு சின்ன பாட்டிலில் நெய்யும் இருக்கும். புது இலை நாலு ஜோடி விடும்வரை ஒன்றும் பறிக்காதே. அதுவரை வெந்தயத்தில் செய்துகொண்டிரு. ஞாயிறு மத்தியானம் அத்தானுக்கும் ஒரு கிண்ணம் வை, திரிந்திருந்தாலும் குடிப்பார், வந்து என்னிடம் உண்மையைச் சொல்வார்.

அன்புடன்,
அக்கா