மண் எடுக்க வருபவர்கள் முதலில் எங்களைக் கேட்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நகரத்து மண்ணில் ஈயம், ஆர்சனிக் என்று அவ்வப்போது செய்தி வருகிறது. படிக்கிறோம், பயப்படுகிறோம், மறுநாள் மறந்துவிடுகிறோம். அந்தச் செய்திகளில் அந்த மண்மேல் குடியிருப்பவர்கள் 'பாதிக்கப்பட்டவர்கள்' என்ற பெயரில் மட்டும்தான் வருகிறார்கள். அவர்களுக்கும் ஏதாவது தெரிந்திருக்கும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை போல.

சில வருடங்களுக்கு முன் எங்கள் குடியிருப்புக்கும் ஒரு குழு வந்தது. கையுறை போட்டுக்கொண்டு நாலு மூலையிலும் நடுவிலும் மண் எடுத்தார்கள், பையில் கட்டினார்கள், போய்விட்டார்கள். ஒரு வார்த்தை கேட்டிருந்தால், பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கிய கொட்டகை எங்கே இருந்தது என்று எதிர்வீட்டுப் பாட்டி கை காட்டியிருப்பார். அந்த இடத்தில்தான் இப்போது பிள்ளைகள் குழி தோண்டி விளையாடுகிறார்கள். பல மாதம் கழித்து வந்த பதில் ஒரே வரி: சராசரி அளவு வரம்புக்குள் இருக்கிறது. ஐந்து இடத்து மண்ணையும் ஒன்றாகக் கலந்து சோதித்தால் மிக மோசமான மூலை மற்ற நாலில் கரைந்து காணாமல் போகும், இதைப் புரிந்துகொள்ள விஞ்ஞானியாக இருக்கத் தேவையில்லை.

ஆழமும் முக்கியம். ஈயம் மக்காது, பெரும்பாலும் மேல்மண்ணிலேயே ஒட்டிக் கிடக்கும். வாகனங்களுக்கு ஈயம் கலந்த பெட்ரோல் விற்பது உலகம் முழுக்க நின்றதே 2021இல்தான், அதுவரை புகையாக வந்து விழுந்தது சாலையோர மண்ணில் இன்னமும் இருக்கிறது. குழந்தையின் விரல் வழியாக வாய்க்குப் போவது மேல்மண்தான். ஓர் அடி ஆழத்தில் எடுத்துச் சோதித்துவிட்டுக் குழந்தைக்கு ஆபத்தில்லை என்றால் எப்படி?

அமெரிக்காவில் நயாகரா அருவிக்குப் பக்கத்தில் லவ் கனால் என்ற பகுதி. ஒரு ரசாயன நிறுவனம் ஏறக்குறைய 21,000 டன் கழிவைப் புதைத்து மூடிய இடத்தை 1953இல் ஒரு டாலருக்குப் பள்ளி நிர்வாகத்திடம் கொடுத்தது. அங்கே பள்ளியும் வந்தது, சுற்றிலும் வீடுகளும் வந்தன. 1978இல் லோயிஸ் கிப்ஸ் என்ற இளம் தாய் வீடு வீடாகக் கதவைத் தட்டி, யாருக்கு என்ன நோய் என்று எழுதி வரைபடத்தில் குறித்தார். நோய்கள் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி இல்லை, புதைத்த கழிவு கசிந்து வர வழிவிட்டிருக்கக்கூடிய, தூர்ந்துபோன பழைய ஓடைத் தடங்களை ஒட்டிய வீடுகளில் அதிகம். அங்கே ஓடை இருந்தது என்று சொன்னவர்கள் பல காலமாக அங்கேயே குடியிருந்தவர்கள். இல்லத்தரசிகள் சேர்த்த தகவல் எதற்கும் உதவாது என்று அதிகாரிகள் முதலில் ஒதுக்கினார்கள், அடுத்த வருடமே அந்தப் பகுதியில் இருந்த கர்ப்பிணிகளையும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளையும் வெளியேறச் சொல்ல வேண்டியதாயிற்று.

எல்லா இடத்திலும் இவ்வளவு சண்டை தேவைப்படுவதில்லை. ஆஸ்திரேலியாவில் மெக்குவாரி பல்கலைக்கழகம் 2013இல் தொடங்கி, வீட்டுத் தோட்டத்து மண்ணை மக்களே எடுத்து அனுப்பினால் சோதித்து, முடிவை அவர்களுக்கே சொல்லிவந்தது, அடுத்து என்ன செய்யலாம் என்பதோடு சேர்த்து.

இந்த 'சேர்த்து' என்பதில்தான் விஷயமே. 'வரம்புக்குள்' என்றால் எந்த வரம்பு? அமெரிக்காவில் குடியிருப்பு மண்ணில் ஈயத்துக்குப் பல வருடம் கிலோவுக்கு 400 மில்லிகிராம் என்று வைத்திருந்ததை 2024 ஜனவரியில் 200 ஆக்கினார்கள். 300 இருந்த மண் மாறவேயில்லை, அதன் பெயர் மட்டும் ஒரே நாளில் மாறிவிட்டது. அதனால் எண்ணை அப்படியே சொல்லுங்கள், அப்புறம் வேலையைச் சொல்லுங்கள். வெறும் மண்ணைப் புல்லால் மூடு, செருப்பை வாசலோடு விடு, பிள்ளைகள் விளையாடி வந்ததும் கை கழுவ வை, கீரையை நன்றாக அலசு, கிழங்கு வேண்டுமென்றால் வேறு மண் கொட்டிய பாத்தியில் போடு, சின்னக் குழந்தைகளுக்கு ரத்தத்தில் ஈய அளவு பார். இவ்வளவுதான். இதைச் சொன்னால் மக்கள் பீதியடைவார்கள் என்கிறார்கள். ஒரு வரிப் பதிலை வைத்துக்கொண்டு ஆளாளுக்குக் கதை கட்டியபோதுதான் எங்களிடம் பீதி வந்தது.

அதிகாரிகளை மட்டும் குறை சொல்லவும் முடியாது. எங்களிலேயே சிலர், வெளியே பேசாதீர்கள், வீட்டு விலை போய்விடும் என்றார்கள். சொந்த வீட்டுக்காரர்கள் கவலை அது. வாடகைக்கு இருப்பவர்களை நாங்களும்தான் கேட்கவில்லை, அவர்கள் பிள்ளைகளும் அதே மூலையில்தான் விளையாடுகின்றன.

மறுபடி மண் எடுக்க வரப்போவதாகச் சொல்கிறார்கள். எந்த நாள் என்று முன்கூட்டியே சொன்னால் பாட்டியை நாற்காலி போட்டு அந்த மூலைக்கே கூட்டிவந்து உட்கார வைக்கிறோம். அவருக்கு எண்பது வயது தாண்டிவிட்டது, ரொம்ப நாள் தள்ளிப்போட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு குடியிருப்புவாசி