கயலின் கணினி

சைதாப்பேட்டை,
சென்னை

அன்புள்ள சுடலைமுத்து,

உன் கடிதம் கிடைத்தது. கயலுக்குக் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தியை வாசித்துக் காட்டியதும் அம்மா உள்ளே போய்ச் சர்க்கரை எடுத்துவந்து எல்லோர் வாயிலும் போட்டாள். 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய இடம் அது. நம் பிள்ளை அங்கே படிக்கப் போகிறாள் என்பது எனக்கும் பெருமைதான். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை, மாடிப்படி ஏறுகிறாள்.

விடுதிக்கு எந்தக் கணினி வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். விடுதிப் பிள்ளைகளின் மடிக்கணினிகளைத் தினமும் பிரித்துப் பழுது பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: எதை வாங்குகிறோம் என்பது பெரிய விஷயமே இல்லை. அது ஒருநாள் பழுதானாலோ களவு போனாலோ பணம் மட்டும் போக வேண்டும், படிப்பு போகக் கூடாது. அதற்கான ஏற்பாடுதான் முக்கியம்.

16 ஜிபி ராம் (வேலை நினைவகம்), 512 ஜிபி எஸ்எஸ்டி (சேமிப்பு வட்டு) இருந்தால் பெரும்பாலான பாடங்களுக்குப் போதும். முறையான பில்லோடு வாங்கு. உன் தம்பியின் பழைய கணினியைக் கொடுக்கலாமா என்கிறாய். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவு (பாதுகாப்புத் திருத்தங்கள்) 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. அந்தக் கணினி விண்டோஸ் 11ஐ ஏற்காது என்றால் உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு நீயே வீட்டில் வைத்துக்கொள். பிள்ளைக்குப் புதிதாகவே வாங்கிக் கொடு.

இனிச் சொல்வதைக் கவனமாகப் படி. புதிய விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே வட்டு தானாகக் குறியாக்கம் ஆகிவிடுகிறது, அதாவது உள்ளே இருப்பதெல்லாம் பூட்டப்பட்டுவிடுகிறது. களவு போனாலும் உள்ளே இருப்பதை எவரும் படிக்க முடியாது. நல்லதுதான். ஆனால் கணினியின் முதன்மைப் பலகையான மதர்போர்டை மாற்றினால், பூட்டைத் திறக்க 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அந்த எண் அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில்தான் சேமிக்கப்பட்டிருக்கும். அண்மையில் ஒரு பையன் என் எதிரே உட்கார்ந்து, எந்த மின்னஞ்சலில் கணக்குத் தொடங்கியது என்றே தெரியாமல் தவித்தான். விற்றவர் ஏதோ ஒரு முகவரியைப் போட்டுத் தொடங்கிக் கொடுத்திருக்கிறார். இறுதியாண்டு ப்ராஜெக்ட் முழுவதும் அதற்குள்தான் இருந்தது. அந்த எண் இல்லாமல் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவன் முகம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

ஆகவே கணக்கைக் கயலே தன் சொந்த மின்னஞ்சலில் தொடங்கட்டும். கல்லூரி மின்னஞ்சல் வேண்டாம். படிப்பு முடிந்தால் அது போய்விடலாம். மீட்பு எண்ணைத் தாளில் எழுதி, உன் வீட்டுப் பீரோவில் நிலப் பத்திரத்தோடு வை. தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கி, வாரம் ஒருமுறை பிரதி எடுக்கச் சொல். அதைக் கணினிப் பையிலேயே வைக்கக் கூடாது. பை போனால் இரண்டும் சேர்ந்து போகும்.

மென்பொருளுக்காக யாருடைய பென்டிரைவையும் செருக வேண்டாம். பொறியியல் வரைபடங்கள் போடும் ஆட்டோகேட் போன்றவற்றை மாணவர்களுக்கு இலவசமாகவே தருகிறார்கள். கட்டுரை, கணக்கு அட்டவணை போட உதவும் லிப்ரே ஆபீஸ் எல்லோருக்கும் இலவசம். விடுதி வைஃபையில் சேரும்போது ‘பப்ளிக் நெட்வொர்க்’ என்பதையே தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போதுதான் அங்கே இருக்கும் மற்றக் கணினிகளுக்கு அவள் கணினி தெரியாது.

மெத்தையில் வைத்து வேலை செய்யும் பழக்கம் வேண்டவே வேண்டாம். விடுதிக் கணினிகளின் அடிமூடியைக் கழற்றினால், விசிறிக்கும் வெப்பத்தகட்டுக்கும் நடுவில் பஞ்சும் தலைமுடியும் தூசியும் அழுந்தி, கம்பளித்துண்டு மாதிரி ஒரு பட்டை இருக்கும். இடுக்கியால் பிடித்து இழுத்தால் முழுசாக வரும். காற்றுப் போக வழியில்லாமல் சூடேறி, கணினி மெதுவாகி, பிறகு தானாக அணைந்துவிடுகிறது. சென்னை வெயிலில் இது இன்னும் சீக்கிரம் நடக்கிறது. ஒரு மரப்பலகை போதும், அதன்மேல் வைத்துக்கொள்ளட்டும்.

சார்ஜரின் மூன்று முனை பிளக்கை இரண்டு முனை அடாப்டரில் மாட்டக் கூடாது. எர்த் இல்லாவிட்டால் உலோக உடம்பைத் தொடும்போது விரல் சுருசுருவென்று இருக்கும். நல்ல எக்ஸ்டென்ஷன் போர்டு ஒன்றை ரிச்சி தெருவில் நானே வாங்கி வைக்கிறேன்.

இந்தக் கணக்கு, பிரதி வேலைகளையெல்லாம் அவளுக்காக நீ செய்து கொடுக்காதே, நானும் செய்து தர மாட்டேன். கல்லூரி திறப்பதற்கு முன்பே வாங்கிக் கொடுத்துவிடு. வீட்டில் இருக்கும்போதே அவள் தன் கையால் செய்து பார்க்கட்டும். சிக்கினால் இரவு எத்தனை மணியானாலும் மாமாவுக்குப் போன் செய்யச் சொல்.

பொதிகை ரயிலில் வந்தால் தாம்பரத்திலேயே இறங்கிவிடு, ஸ்டேஷனுக்கு வருகிறேன். பெட்டி படுக்கையோடு நேராக விடுதிக்குப் போக வேண்டாம். அம்மா இப்போதே ஆப்பத்துக்கு அரிசி எடுத்து வைத்துவிட்டாள்.

அன்புடன்,
இசக்கி